வயதான தோளும் .30-06 ரைஃபிளும்: உதையைக் குறைக்கும் பொருட்களில் எது காசுக்குத் தகும்?

எட்டு பவுண்டு எடையுள்ள .30-06 (இது தோட்டா ரகத்தின் பெயர்) ரைஃபிளில் 180 கிரெயின் குண்டைச் சுட்டால் (கிரெயின் என்பது குண்டையும் வெடிமருந்தையும் எடைபோடும் சிறு அலகு) தோளில் இறங்கும் உதை ஏறக்குறைய 20 அடி-பவுண்டு (ஆற்றலின் அலகு). முப்பது வயதில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எழுபதில் அப்படி இல்லை. தோள்மூட்டுத் தசைநாண்கள் தேய்ந்திருக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், கழுத்தும் முன்போல் வளையாது. நாலைந்து வெடியிலேயே தோள் கன்றிப்போகும். வலியைவிடப் பெரிய கேடு அதன் பிறகு வருவது. அடுத்த உதையை உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விசை (டிரிகர்) விழும் முன்பே கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல்வாய் கீழே சாயும். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு வயிற்றிலோ காலிலோ பாயும். அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும்படி விடுவது வேட்டை ஆகாது. உதையைக் குறைக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் அதற்காகத்தான்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகும் மூத்தவர்களைக் குறிவைத்து ரப்பர் பேடு முதல் மஸில் பிரேக் (வாயுவைத் திருப்பிவிடக் குழல்வாயில் மாட்டும் துண்டு) வரை எத்தனையோ பொருட்கள் விற்கின்றன. எங்கள் மதிப்பீட்டின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையில் இருக்கும் ரைஃபிளை மாற்ற வேண்டியதில்லை. நல்ல ரீகாயில் பேடு (தோளில் பதியும் முனையில் பொருத்தும் ரப்பர் மெத்தை) ஒன்று, உதை குறைந்த தோட்டா ஒரு பெட்டி, இந்த இரண்டிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மஸில் பிரேக் கடைசியில் யோசிக்க வேண்டியது. பெரும்பாலான மூத்தவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கணக்கு எப்படி என்று தெரிந்தால் விளம்பரத்தில் ஏமாற வேண்டியிருக்காது. உதையைத் தீர்மானிப்பவை நான்கு: குண்டின் எடை, அதன் வேகம், தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தின் எடை, ரைஃபிளின் எடை. மருந்தும் எடைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 56 கிரெயின் மருந்து எரிந்து வாயுவாகிக் குழலைவிட்டு வினாடிக்கு 4000 அடிக்கு மேல் வேகத்தில் வெளியேறுகிறது. .30-06இன் உந்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது. மருந்து குறைந்தால் உதை இரண்டு வழியில் குறையும்: குண்டின் வேகமும் இறங்கும், வாயுவின் எடையும் இறங்கும்.

ரீகாயில் பேடு: முதல் நாற்பது டாலர் இதற்கே

பேடு உதையின் மொத்த ஆற்றலைக் குறைப்பதில்லை. அதே ஆற்றலைக் கொஞ்சம் நீண்ட நேரத்தில், கொஞ்சம் அகன்ற பரப்பில் தோளுக்குக் கொடுக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் உச்ச அடி மழுங்குவது உண்மை, அதைத் தோள் உடனே உணரும். பழைய ரைஃபிள்களில் இருக்கும் கடினமான பிளாஸ்டிக் தகட்டையோ, முப்பது வருடத்தில் கல்லாக இறுகிய ரப்பரையோ கழற்றி எறிந்து புதியதைப் போட்டாலே வேறு ரைஃபிள் போல இருக்கும். பழைய பேடைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

லிம்ப்சேவர், பாக்மேர் டிசிலரேட்டர், கிக்-ஈஸ் மூன்றும் இந்தத் துறையில் நின்று பேர் வாங்கியவை. மென்மையில் லிம்ப்சேவர் முன்னால் நிற்கிறது. டிசிலரேட்டர் சற்று உறுதியானது. அணிந்திருக்கும் கோட்டில் ஒட்டாமல் தோளுக்கு ஏறும், வடிவமும் நீண்டநாள் கெடாது. கிக்-ஈஸ் பேடை ரைஃபிளுக்கு ஏற்ற வடிவில் தேய்த்துப் பொருத்த வேண்டும், எடையும் கூடுதல். அந்த எடை உதைக்கு நல்லதுதான். வலி மட்டுமே பிரச்சினை என்பவருக்கு லிம்ப்சேவரைச் சொல்வோம். தடித்த கம்பளிக் கோட்டோடு வேட்டைக்குப் போகிறவருக்கு டிசிலரேட்டர்.

பொருத்தும் முறையில் மூன்று வகை உண்டு. காலுறை போலக் கட்டையின் (ரைஃபிளைத் தோளில் வைக்கும் பின்பகுதி) மேல் மாட்டுவது ஒன்று. சோதித்துப் பார்க்க நல்லது, நிரந்தரத்துக்கு உதவாது. நடக்கும்போது நழுவும், ஏந்தும்போது கோட்டில் மாட்டும், அதோடு நீளத்தை ஏறக்குறைய ஓர் அங்குலம் கூட்டிவிடும். குறிப்பிட்ட மாடலுக்கென்றே அளவெடுத்து வருவது இரண்டாவது வகை. பெரும்பாலோருக்கு இதுவே போதும். வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே மாடல் ரைஃபிளுக்கு மரக்கட்டையில் ஓர் அளவும் செயற்கைக் கட்டையில் வேறு அளவும் இருக்கும். ரெமிங்டன் 700க்கு என்று பொதுவாகக் கேட்டு வாங்கி, விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது வழக்கமான தவறு. மூன்றாவது வகை தேய்த்துப் பொருத்துவது. பெல்ட் சாண்டரும் பழகிய கையும் வேண்டும், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி வேலை செய்பவரிடம்) கொடுப்பதே மேல்.

அளவான பேடைப் பொருத்த அரை மணி நேரம் போதும். முதலில் ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றி வைத்துவிடுங்கள். பேடின் முகத்தில் இரண்டு சிறு கீறல்கள் அல்லது புள்ளிகள் தெரியும், திருகுகள் அவற்றுக்குள்ளே இருக்கும். நீளமான, உருண்டைத் தண்டுள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தண்டு முழுக்க வாசலின் அல்லது பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவுங்கள். தடவாமல் நுழைத்துத் திருகினால் ரப்பர் தண்டோடு சேர்ந்து சுழன்று கிழியும். ஒருமுறை கிழிந்தால் அந்த வாய் மூடாது. திருகைக் கையால் உணர்ந்து, அழுத்தித் திருகுங்கள். மரக்கட்டையில் பழைய துளை தளர்ந்திருந்தால் மரக்குச்சியைப் பசையோடு அடித்து, மறுநாள் காய்ந்த பிறகு சிறிய துளையிட்டுத் திருகை ஏற்றுங்கள். துளையில்லாமல் நேரடியாகத் திருகினால் பழைய வால்நட் கட்டை பிளந்துவிடும்.

நீளத்தை மறக்கக் கூடாது. விசையிலிருந்து பேடின் நடு வரை உள்ள தூரம் பெரும்பாலான தொழிற்சாலை ரைஃபிள்களில் 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அரை அங்குலப் பழைய பேடை எடுத்துவிட்டு ஓர் அங்குலப் பேடைப் போட்டால் நீளம் அரை அங்குலம் கூடும். குளிர்காலக் கோட்டின் தடிமனும் சேர்ந்தால், கை முழுதாக நீளாத மூத்தவர் ரைஃபிளைத் தோளின் பள்ளத்தில் வைக்க முடியாமல் மேற்கையில் வைப்பார். உதை எலும்பில் விழும். ஆகவே கோட்டை மாட்டிக்கொண்டே அளவு பாருங்கள். நீளமாக இருந்தால் கட்டையில் அந்த அரை அங்குலத்தை அறுக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

பராமரிப்பு சின்னதுதான். ரைஃபிளைப் பேடின் மேல் நிறுத்தி வருடக்கணக்கில் அலமாரியில் வைக்கக் கூடாது, அமுங்கிய வடிவம் அப்படியே நின்றுவிடும். குழல் துடைக்கும் கரைசலும் எண்ணெயும் கட்டை வழியாக வடிந்து பேடில் ஊறினால் மென்ரப்பர் பிசுபிசுக்கும்.

உதை குறைந்த தோட்டா: இருப்பதில் பெரிய மாற்றம் இதுதான்

பேடு அடியை மழுக்கும், தோட்டா அடியையே குறைக்கும். தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்தின் கஸ்டம் லைட் வரிசையில் .30-06க்கு 125 கிரெயின் எஸ்எஸ்டி ரகக் குண்டு வினாடிக்கு 2700 அடி வேகத்தில் வருகிறது. எட்டு பவுண்டு ரைஃபிளில் இதன் உதை ஏறக்குறைய 10 அடி-பவுண்டு. 180 கிரெயின் முழுத் தோட்டாவில் பாதி. ரைஃபிளில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைக்கும் பலன் இது. சாதாரண 150 கிரெயின் தோட்டாவுக்கு மாறினால் சுமார் 17 வரை இறங்கும். அது இடைப்பட்ட வழி.

இது மானுக்குப் போதுமா என்ற கேள்வி எப்போதும் வரும். 200 கஜம் வரை தாராளமாகப் போதும். அங்கே 1300 அடி-பவுண்டை ஒட்டிய ஆற்றல் மிஞ்சியிருக்கும். மானுக்கு 1000 என்பதே வேட்டைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருத்தினால் 200இல் நேராகப் படும், 300இல் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கிவிடும். காட்டோரப் பரண், வயல் விளிம்பு, ஓடைக்கரை வேட்டைக்கு இந்த எல்லை இடைஞ்சலே இல்லை. எல்க் என்ற மிகப் பெரிய மான் இன வேட்டைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். மானிலும் தோள் எலும்பைக் குறிவைக்காமல் அதற்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் வையுங்கள்.

இங்கே தவறு நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, முழுத் தோட்டாவுக்குத் திருத்திய ஸ்கோப்போடு நேராகக் காட்டுக்குப் போவது. படும் இடம் மேல்கீழ் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் மாறியிருக்கும். ரைஃபிளைப் புதிதாகத் திருத்தியே ஆகவேண்டும். இரண்டு, பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் ஒரே பையில் போடுவது. பழையதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மூன்றாவது, வாயு விசையால் தானாக இயங்கும் ரைஃபிளில் இதைப் போடுவது. அழுத்தம் போதாமல் அடுத்த தோட்டா ஏறாமலே போகலாம். கையால் இயக்கும் போல்ட் ரைஃபிள், லீவர் ரைஃபிள், ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஆகியவற்றுக்கே இது பொருந்தும்.

தோட்டாவைத் தானே நிரப்புகிறவர்களுக்கு ஹாட்ஜ்டன் நிறுவனம் எச்4895 என்ற தன் வெடிமருந்துக்கென்று ஒரு விதி தந்திருக்கிறது: அவர்களின் கையேட்டில் அந்தத் தோட்டாவுக்குக் காட்டியிருக்கும் எச்4895 உச்ச அளவில் 60 சதவீதம் வரை இறங்கலாம். கையேடு 50 கிரெயின் என்றால் 30 கிரெயின்; அதற்குக் கீழே போகக் கூடாது. போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும் ஆபத்து உண்டு. விதி எச்4895க்கு மட்டுமே. பெயர் ஒத்திருக்கிறதே என்று ஐஎம்ஆர் 4895இல் செய்யாதீர்கள்; அது வேறு மருந்து. எச்4831 போன்ற மெதுவாக எரியும் மருந்துகளை இப்படிக் குறைத்தால் தீ தாமதமாகப் பற்றி, அழுத்தம் திடீரென்று தறிகெட்டு ஏறக்கூடும். ரைஃபிளே வெடித்துவிடும் அபாயம் அதில் இருக்கிறது.

மஸில் பிரேக்: தோளைக் காத்துக் காதைக் கெடுப்பது

உதையைக் குறைப்பதில் பிரேக் கெட்டிக்காரன்தான், மறுப்பதற்கில்லை. வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பி ரைஃபிளை முன்னே இழுக்கிறது; .30-06 போன்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். ஆனால் அந்த வாயுவோடு சத்தமும் உங்கள் பக்கமே திரும்புகிறது. வெறும் ரைஃபிளே காதருகே ஏறக்குறைய 160 டெசிபல். 140ஐத் தாண்டிய ஒரே வெடி காதுக்கு நிரந்தரக் கேடு விளைவிக்கலாம். பிரேக் அதன்மேல் இன்னும் ஐந்து முதல் பத்து டெசிபலை ஏற்றுகிறது. எழுபது வயதில் காது ஏற்கனவே பாதி போயிருக்கும், மிச்சத்தையும் ஏன் கொடுப்பது? பரணில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளையின் காதும் உண்டு. வேட்டைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டிகளில் பலர் பிரேக் போட்ட ரைஃபிளை விரும்பாததும் இதனால்தான்.

யாரேனும் போட்டே தீருவேன் என்றால்: குழல்முனையில் மரை வெட்டும் வேலையைக் கடைசல் இயந்திரத்தில் குழலின் உள்துளையை மையமாக வைத்துச் செய்யும் கன்ஸ்மித்திடமே கொடுங்கள். மரை கோணினால் குண்டு பிரேக்கின் உள்விளிம்பில் உரசும். .30 ரகத்துக்கு வழக்கமான மரை அங்குலத்தில் எட்டில் ஐந்து விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. பிரேக்கைக் கழற்றினால் குண்டு படும் இடம் மாறும், ஆகவே பயிற்சிக்கு மட்டும் போட்டுக் காட்டில் கழற்றும் திட்டம் சரிவராது. காட்டிலும் காதுகாப்பு கட்டாயம். ஹவர்ட் லைட் இம்பேக்ட் ஸ்போர்ட் போன்ற மின்னணு மஃப் (காதுமூடி) மெல்லிய ஒலியைப் பெருக்கி வெடியை அடக்கும். சருகு மிதிபடும் ஓசையும் கேட்கும். அது சத்தத்தைக் குறைக்கும் மதிப்பு 22 டெசிபல்தான், பிரேக்குக்கு அதன் அடியில் பஞ்சு அடைப்பானும் வேண்டும்.

இதே மரையில் சத்தத்தை அடக்கும் சப்ரெஸரை மாட்டினால் கதையே மாறுகிறது. உதை நான்கில் ஒரு பங்கை ஒட்டிக் குறையும், சத்தம் 25 முதல் 35 டெசிபல் இறங்கும், ரைஃபிளின் முன்முனை கனத்து எகிறுவதும் அடங்கும். அமெரிக்காவில் 42 மாநிலங்களில் இதை வைத்திருக்கலாம். கூட்டாட்சிப் பதிவு, கைரேகை, புகைப்படம் எல்லாம் இன்னும் உண்டு. 200 டாலர் வரி மட்டும் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும், குழலும் ஆறேழு அங்குலம் நீளும். பணமும் பொறுமையும் உள்ளவருக்குப் பிரேக்கைவிட இது எவ்வளவோ மேல்.

பயிற்சி மேசையில்

தோளை அதிகம் காயப்படுத்துவது காடு அல்ல, பயிற்சி மேசை. தாழ்ந்த மேசையில் குனிந்து உட்கார்ந்தால் கட்டை கழுத்துப்பட்டை எலும்பில் ஏறும், உடல் பின்னே சாய்ந்து கொடுக்கவும் வழியில்லை. மேசையை உயர்த்தி நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நின்று உயரமான தாங்கியில் வைத்துச் சுடுங்கள்.

கால்ட்வெல் லெட் ஸ்லெட் போன்ற எடைச்சட்டம் (மேசைமேல் ரைஃபிளைத் தாங்கி, எடை ஏற்றி நகராமல் வைப்பது) ஸ்கோப்பைத் திருத்தும் வேலைக்கு அருமையானது. உதையைத் தோள் ஏறத்தாழ உணராது. ஆசைப்பட்டு ஐம்பது அறுபது பவுண்டு ஈயக்குண்டுப் பையை ஏற்றாதீர்கள். ரைஃபிள் நகர வழியில்லாமல் போனால் அந்த விசை முழுவதையும் கட்டை வாங்கும். மரக்கட்டை கைப்பிடியருகே விரிசல்விடும், ஸ்கோப்பின் பிடிப்பும் தளரும். இருபத்தைந்து பவுண்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டத்தில் திருத்தி முடித்த பிறகு தோளில் வைத்து இரண்டு வெடி சுட்டுப் படும் இடத்தைச் சரிபாருங்கள், சிறிது மாறும். சட்டம் வாங்க விருப்பமில்லையென்றால் சட்டையின் மேல் பட்டையால் கட்டும் பாஸ்ட் தோள்காப்பு மலிவானது, கண்டிப்பாகப் பயன்படும்.

பதறும் பழக்கம் ஏற்கனவே ஒட்டியிருந்தால் எந்தப் பொருளும் அதைத் தானாக அகற்றாது. ஏ-ஸூம் மாதிரி வெடிக்காத டம்மித் தோட்டா சிலவற்றை வாங்கி, உண்மைத் தோட்டாவோடு கலந்து இன்னொருவரை நிரப்பச் சொல்லுங்கள். டம்மியில் விசையை இழுக்கும்போது குழல்வாய் அசைகிறதா என்று அவர் பார்க்கட்டும். அசைந்தால் அன்றைக்கு .30-06ஐ மூடிவிட்டு உதை மிகக் குறைந்த .22 ரிம்ஃபையரில் சுடுங்கள்.

ஸ்கோப்பையும் பார்த்துவிடுங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர் தெளிவுக்காகத் தலையை முன்னே நீட்டுவார். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும், அதுவும் உச்சப் பெருக்கத்தில். அங்கேதான் இடைவெளி சுருங்கும்.

இதயத்துடிப்புக் கருவி ரைஃபிள் வைக்கும் பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்தாலோ, தோள்மூட்டு மாற்று அறுவையோ விழித்திரைச் சிகிச்சையோ செய்திருந்தாலோ, எதையும் வாங்கும் முன் மருத்துவரிடம் அடி-பவுண்டு எண்ணையே சொல்லிக் கேளுங்கள். "வேட்டைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால் அவருக்கு உதையின் அளவு புரியாது.

புது ரைஃபிளே வாங்குவதென்றால்

பிள்ளைகள் அப்பாவுக்கு அன்போடு வாங்கிக்கொடுத்து ஏமாறும் இடம் இது. தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எடை குறைந்த மலை ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பார்கள். 7 மிமீ-08 ரெமிங்டன் என்ற தோட்டா ரகத்தில் 140 கிரெயின் குண்டு எட்டு பவுண்டு ரைஃபிளில் 13 அடி-பவுண்டை ஒட்டி உதைக்கும். அதே தோட்டாவை ஸ்கோப்போடு சேர்த்து ஆறே பவுண்டு ரைஃபிளில் போட்டால் 17. பழைய .30-06இல் 150 கிரெயின் சுட்ட அதே உதை! தோட்டாவில் மிச்சம் பிடித்ததை எடையில் தொலைத்தாயிற்று.

ஸ்கோப்புடன் எட்டு பவுண்டு என்று வைத்துக்கொண்டால், 6.5 கிரீட்மூர் ரகத்தில் 140 கிரெயினுக்கு உதை 12 அடி-பவுண்டு, .243 வின்செஸ்டரில் 100 கிரெயினுக்கு 9க்குச் சற்றுக் குறைவு. மானுக்கு .243 சின்னது என்ற பேச்சு இன்னும் உண்டு. கொலராடோ மாநிலம் மான் வேட்டைக்குக் கேட்கும் குறைந்தபட்சம் .24 அங்குல விட்டம்தான், .243 அதற்குள் வருகிறது. ஆனால் குண்டு வைக்கும் இடத்தில் இது தாராளம் காட்டாது, அதனால் எங்கள் தேர்வு 7 மிமீ-08 அல்லது 6.5. ஓஹையோ போல ரைஃபிளில் நேர்ச்சுவர்த் தோட்டாவை (கழுத்துப் போலக் குறுகாத கூடு உள்ளது) மட்டும் அனுமதிக்கும் இடங்களில் 2019இல் வந்த .350 லெஜண்ட் மூத்தவர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. 150 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2325 அடி, உதை 8. எல்லை 150 முதல் 200 கஜம்.

கட்டையின் வடிவத்தையும் கடையிலேயே தோளில் வைத்துப் பாருங்கள். கன்னம் பதியும் மேல்விளிம்பு நேராக இருந்தால் உதை நேராகப் பின்னே வரும். பின்முனை மிகவும் தாழ்ந்திருந்தால் குழல்வாய் எகிறி, கட்டை கன்னத்தில் அறையும். எடை பாரமாகத் தெரிந்தால் அகன்ற பட்டையில் தோளில் மாட்டிக்கொள்ளலாம், அல்லது பரணுக்குப் பக்கத்திலேயே வண்டியில் இறங்கிக்கொள்ளலாம். தூக்கும் சிரமத்துக்கு அப்படி வழி உண்டு. குறைந்த எடையால் கூடிய உதையைத் தோள் ஒவ்வொரு வெடியிலும் வாங்கியே ஆகவேண்டும்.